சிலிக்கான் மேலே பெயிண்டா? ஒட்டாதய்யா, ஒட்டாது!

சைதாப்பேட்டை பஜார் ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. போன வாரம் ஒரு நாள் காலை 8 மணி. ஒரே கூச்சல்!

பால் வாங்கப் போனவர்கள் நின்றார்கள். ஸ்கூலுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் நின்றன. அந்த வழியாக வந்த நானும் நின்றேன்.

வாசலில் பெயிண்ட் தெறித்த சட்டையோடு ஒரு பெயிண்டர். வயது 50 இருக்கும். படியில் வீட்டுக்காரர்.

"மூணு பேரு ஆறு நாளு வேலை செஞ்சிருக்கோம் சார். மீதித் துட்டக் குடுத்துடுங்க. பசங்களுக்கு நான் கூலி குடுக்கணும்" என்றார் பெயிண்டர்.

"என்னய்யா வேலை செஞ்சே? உள்ள வந்து பாரு! பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரியுது. இதுக்குத் துட்டு வேறயா?" என்றார் வீட்டுக்காரர்.

பாக்கித் தொகை 4 ஆயிரத்து 500 ரூபாய்.

"போலீசுக்குப் போறேன்" என்றார் ஒருவர். "கோர்ட்டுக்கே போலாம், பக்கத்துலதான கீது" என்றார் மற்றவர். கோர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் இது ஒரு வசதி!

திருட்டு, அடிதடி என்று அலைகிற நிருபருக்கு இந்த மாதிரிச் சண்டை செய்தியே அல்ல. ஆனாலும் உள்ளே போய்ப் பார்த்தேன்.

ஹாலில் சுவர் பளிச்சென்று இருந்தது. படுக்கை அறையிலும் குறை இல்லை. ஜன்னல் ஓரத்திலும் பாத்ரூம் கதவு ஓரத்திலும் மட்டும் பெயிண்ட் நாடா நாடாவாகத் தொங்கியது.

நகத்தால் லேசாகச் சுரண்டினேன். ஒரு சாண் நீளத்துக்கு அப்படியே வந்துவிட்டது. அடியில் ரப்பர் மாதிரி ஒரு கோடு. அமுக்கினால் அமுங்கியது.

சிலிக்கான்!

குற்றவாளி அங்கேயே இருந்தான். சண்டை மட்டும் வேறு இரண்டு பேருக்குள் நடந்துகொண்டிருந்தது.

பொங்கல் வந்தால், கல்யாணம் வந்தால், வாடகைக்காரர் காலி செய்தால் சென்னையில் வீட்டுக்கு வீடு பெயிண்ட் அடிக்கிறார்கள். பல வீடுகளில் வேலை முடிந்து ஒரு மாதத்தில் இதே சண்டை நடக்கிறது. கடைசியில் அடி வாங்குவது யார்? பிரஷ் பிடித்தவன்தான். அவன் கூலிதான் பிடிக்கப்படுகிறது.

இது நியாயமா? அதைத்தான் கேட்க வந்தேன்.

எதுவும் ஒட்டாத பொருள்

சிலிக்கான் என்று நாம் சொல்லும் பசை எங்கிருந்து வந்தது? மணலிலிருந்து. மணலில் உள்ள சிலிக்கன் என்ற மூலப்பொருளைப் பிரித்தெடுத்து, ரசாயன முறையில் மாற்றிச் செய்வது இது. 'சிலிக்கோன்' என்ற பெயரை 1901-ல் வைத்தவர் இங்கிலாந்து நாட்டு ரசாயன அறிஞர் ஃபிரெடரிக் கிப்பிங்.

1943-ல் அமெரிக்காவில் டவ் கார்னிங் என்ற கம்பெனி இதற்கென்றே தொடங்கப்பட்டது. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. விமான எஞ்சினின் மின் இணைப்பில் ஈரம் புகாமல் காக்க இந்தச் சரக்கு உதவியது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வீடுகளுக்கு வந்தது.

இதன் குணம் என்ன? தண்ணீரை விரட்டும். வெயிலுக்கு அசையாது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கண்ணாடியிலும் டைல்ஸிலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இறுகிய பிறகு, அதன் மேல் மற்றப் பொருள் ஒட்டாது!

கேக் சுடுவதற்கு ரப்பர் மாதிரி ஓர் அச்சு விற்கிறதே, அதுவும் சிலிக்கான்தான். எண்ணெய் அதிகம் தடவாமலே கேக் கழன்று வருகிறது. அடுப்பங்கரையில் எந்தக் குணம் நமக்கு வசதியோ, அதே குணம்தான் சுவரில் நம் காலை வாருகிறது.

தாமரை இலையில் தண்ணீர் நிற்பது போல சிலிக்கான் மேல் பெயிண்ட் நிற்கும். சில நேரம் அடிக்கும்போதே முத்து முத்தாக உருண்டு விலகிவிடும். சில நேரம் ஒட்டியது போலப் பாசாங்கு செய்யும். காய்ந்த பிறகு பெயிண்ட் விறைப்பாகிவிடும். உள்ளே சிலிக்கான் மட்டும் ரப்பராகவே இருக்கும். கதவை நாலு தடவை அடித்துச் சாத்தினால் போதும், வெடிப்பு விடும். அப்புறம் உரியும்.

"பிரைமர் அடிச்சா நிக்கும்" என்பார்கள் சிலர். சாதாரணச் சுவர் பிரைமரும் அதே பெயிண்ட் ஜாதிதான். அதுவும் சேர்ந்து உரியும்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டா சரியாப் போச்சு" என்பார்கள் வேறு சிலர். இது இன்னும் மோசம்! ரப்பரை உப்புத்தாளால் தேய்த்தால் அது பக்கத்துச் சுவரிலும் ஈஷிக்கொள்ளும். ஒரு விரல் அகலத்தில் இருந்த வியாதி நாலு விரல் அகலத்துக்குப் பரவும்.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

பழைய சைதாப்பேட்டை வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. மர ஜன்னல், சுண்ணாம்புச் சுவர். இடுக்கு விட்டால் பட்டி வைத்து அடைப்பார்கள். அதன் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டும்.

இன்று அலுமினியம் ஜன்னல், பிளாஸ்டிக் சட்ட ஜன்னல், பாத்ரூம் முழுக்க டைல்ஸ். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைக்க ஒரு ஆள் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியோடு வருகிறார். டியூபை மாட்டி 'சர்'ரென்று இழுக்கிறார். 5 நிமிஷத்தில் வேலை முடிந்தது. வீடு முழுக்க வினிகர் வாசனை. அவர் போய்விடுவார். பெயிண்டர் வரும்போது அவர் ஊரிலேயே இருக்க மாட்டார்.

இதற்கு மழையும் ஒரு காரணம்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை சைதாப்பேட்டைக்காரர்கள் மறக்க முடியுமா? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்துவிட்டதாக அரசுக் கணக்கு. அடையாறு கரை மீறியது. மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. ஆற்றங்கரை வீடுகளில் கட்டில், பீரோ எல்லாம் மிதந்தன.

மறு வருஷம், 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் ஜன்னல்களை ஆட்டிப் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தது.

வெள்ளம் வடிந்ததும் மக்கள் என்ன செய்வார்கள்? இடுக்கு கண்ட இடத்தில் எல்லாம் அடைப்பார்கள். ஹார்டுவேர் கடையில் சுலபமாகக் கிடைப்பது இந்த டியூப். அப்போது அடைத்ததன் மேல்தான் இப்போது பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்கள்.

சிலிக்கான் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. வாஷ்பேசின் ஓரத்தில் போடுங்கள், கண்ணாடி ஓரத்தில் போடுங்கள். நன்றாக உழைக்கும். பெயிண்ட் அடிக்க வேண்டிய இடத்தில் போட்டால்தான் வம்பு.

மறைக்கிற வேலை

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இது கொஞ்சம் விவகாரமானது.

சுவரில் ஓதம். மாடி பாத்ரூமிலிருந்து கசிவு. சரி செய்வதென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும், கொத்தனார், சித்தாள், பிளம்பர் என்று செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஒரு டியூப் சிலிக்கான் சில நூறு ரூபாய்தான். விரிசலில் அதை ஈஷி, மேலே இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்தால் வீடு புதுசு!

புதுசாக வாடகைக்கு வருகிறவர் பார்க்கிறார். சுவர் பளபளக்கிறது. அட்வான்ஸ் கொடுத்து விடுகிறார். முதல் மழையில் சுவர் அழுகிறது. பெயிண்ட் பொரிகிறது. பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை. கைக்குழந்தை இருமுகிறது.

வீட்டைக் காலி செய்யும்போது என்ன நடக்கிறது? "பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு போச்சு பாருங்க" என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகை வெட்டு! அந்தப் பணத்தில் மறுபடி சிலிக்கான், மறுபடி பெயிண்ட், மறுபடி ஒரு புது வாடகைக்காரர்.

இது என்ன நியாயம்?

தமிழ்நாட்டில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் வாடகைக்காரர்களுக்கும் 2017-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், சுவருக்கு வெள்ளை அடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் சொந்தக்காரர் பொறுப்பு என்று அதன் அட்டவணை சொல்கிறது. கட்டடத்தின் பெரிய ரிப்பேரும் அவர் பொறுப்பே. வாடகைக்காரர் கெடுத்ததற்கு மட்டும் வாடகைக்காரர் பதில் சொல்ல வேண்டும்.

சிலிக்கான் மேல் அடித்த பெயிண்ட் தானாக உரிந்தது வாடகைக்காரர் கெடுத்ததா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த வரியைப் படியுங்கள் ஐயா!

கசிவை மூடினால் கசிவு நிற்காது. தண்ணீர் வேறு வழி தேடும். கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் மேலே உள்ள சிமெண்ட் பூச்சு பெயர்ந்து விழும். தூங்குகிறவர் தலையில் விழுந்தால் அது என் கிரைம் செய்திப் பட்டியலுக்கு வந்துவிடும்.

மேல் பூச்சை நம்பினால் என்ன ஆகும் என்பதை ஊரே ஒரு தடவை பார்த்தது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி.பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. புதுக் கட்டடம்! டி.வி.யில் எல்லோரும் பார்த்தார்கள். ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆய்வு வரைக்கும் போனது. அங்கே சிலிக்கான் பிரச்சினை இல்லை, சிமெண்ட் பூச்சுப் பிரச்சினை. ஆனால் பாடம் ஒன்றுதான். அடி சரியில்லை என்றால் மேலே எத்தனை கலர் அடித்தாலும் நிற்காது.

பெயிண்டர் மேல் தப்பே இல்லையா?

சில பெயிண்டர்கள் மேலும் தப்பு இருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பட்டி பார்க்க நேரம் ஆகும். காய வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். அந்தச் சோம்பலில் விரிசலுக்குள் சிலிக்கானை அமுக்கி விட்டு அடிப்பவர்களும் உண்டு. இவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் பெரும்பாலானவர்கள் கதை வேறு. சந்தில் பார்த்த பெயிண்டரிடம் தனியாகக் கேட்டேன். "சிலிக்கான்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

"தெரியும் தம்பி. முத நாளே சொன்னேன். 'அதெல்லாம் பாத்துக்கலாம், நீ அடி'ன்னாரு. மேல பேசினா வேற ஆளக் கூப்புடுவாரு. எனக்கு ஆறு நாள் வேலை போயிடும். நாங்க இன்னா பண்றது?"

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சாரத்தில் தொங்கிக்கொண்டு, தூசியும் தின்னர் வாசனையும் மூக்கில் ஏற வேலை செய்கிறவர்கள் இவர்கள். மழைக் காலத்தில் வெளி வேலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கடன் வாங்கி, மார்கழி, தையில் அடைக்கிற பிழைப்பு. நாலாயிரம் ரூபாய் பிடித்தம் என்றால் அந்த வீட்டில் பொங்கல் இல்லை.

கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1994-ல் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தது. பெயிண்டர்களும் அதில் சேரலாம். விபத்துக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு உதவி உண்டு. சேராதவர்கள் சேர்ந்து கொள்ளுங்கள். ஆனால் சைதாப்பேட்டைச் சந்தில் பிடித்துக்கொண்ட கூலியை எந்த வாரியமும் அன்றைக்கே வாங்கிக் கொடுக்காது. வீட்டுக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

கடையிலும் ஒரு குழப்பம்

கடைக்குப் போய் "சிலிக்கான் குடுங்க" என்றால் ஒரு டியூபை எடுத்துக் கொடுப்பார்கள். துப்பாக்கியில் மாட்டுகிற டியூப் எல்லாமே நம் ஜனங்களுக்குச் சிலிக்கான்தான். அது தப்பு.

அதே அளவு டியூபில், அதே வெள்ளை நிறத்தில், அக்ரிலிக் சீலண்ட் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீரில் கரைந்து இருப்பது. காய்ந்த பிறகு பெயிண்ட் நன்றாக ஒட்டும். சுவர் விரிசலுக்கும் உள்பக்கக் கதவுச் சட்ட ஓரத்துக்கும் இதுதான் சரி. எந்நேரமும் தண்ணீர் நிற்கிற இடத்துக்கு மட்டும் ஆகாது. வெளிப்புற இடுக்குகளுக்குப் பாலியூரித்தேன் வகை சீலண்ட் இருக்கிறது. அதன் மேலும் பெயிண்ட் பிடிக்கும்.

எம்-சீலையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு உருண்டையைப் பிசைந்து வைக்கிறோமே, அது எப்பாக்சி. இறுகினால் கல். அதைத் தேய்த்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம்.

டியூபைத் திருப்பிப் பாருங்கள். 'பெயிண்ட் அடிக்கலாம்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் வாங்குங்கள். வெறும் 'சிலிக்கான் சீலண்ட்' என்று மட்டும் இருந்தால், சுவர் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

பழைய சிலிக்கான் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது என்ன செய்வது? வழி ஒன்றுதான். அதை எடுக்க வேண்டும்!

கூரான பிளேடால் இரண்டு ஓரத்திலும் கீறி, நாடா போல இழுக்க வேண்டும். மிச்சத்தைத் தகட்டால் சுரண்ட வேண்டும். அதன் பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு இருக்கும். டர்பன்டைனிலோ ஸ்பிரிட்டிலோ நனைத்த துணியால், துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட், அடுப்பு பக்கத்தில் கூடாது.

துடைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவினால் சரி. உருண்டு முத்தாக நின்றால் பிசுக்கு போகவில்லை. மறுபடி துடையுங்கள்.

பிறகு பட்டியோ அக்ரிலிக் சீலண்டோ வைத்து, காயவிட்டு, பிரைமர் போட்டு, பெயிண்ட் அடியுங்கள். சந்தேகம் இருந்தால் முழுச் சுவரும் அடிக்கும் முன் ஒரு சாண் இடத்தில் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

வாஷ்பேசின், கண்ணாடி ஓரத்துக்குச் சிலிக்கான் வேண்டுமா? பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு கடைசியில் போடுங்கள். நிறமே இல்லாத சிலிக்கானும் கிடைக்கிறது, வெள்ளையும் கிடைக்கிறது. முதலில் பெயிண்ட், பிறகு சிலிக்கான். இந்த வரிசை மாறினால் சண்டை!

ஓதம் இருந்தால் முதலில் பிளம்பர், கொத்தனார். சுவர் காய்ந்த பிறகுதான் பெயிண்டர்.

இன்னொன்று. வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். எங்கெங்கே சிலிக்கான் இருக்கிறது? அதை எடுப்பது யார்? அதற்குக் கூலி எவ்வளவு? எடுக்காமல் அடிக்கச் சொன்னால் உரிவதற்குப் பொறுப்பு யார்? இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தச் சந்தில் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் கூச்சலே வந்திருக்காது.

சண்டை எப்படி முடிந்தது?

போலீசுக்கும் போகவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்து பார்த்தார். உரிந்த நாடாவைக் கையில் எடுத்தார்.

"ஏம்ப்பா, ஹால்ல ஒட்டின பெயிண்ட் இங்க மட்டும் ஏன் ஒட்டலை? அதே ஆளு, அதே டப்பாதானே?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

வீட்டுக்காரருக்குப் பதில் வரவில்லை. ஜன்னல் போட்ட ஆளுக்குப் போன் போட்டார். போன் எடுக்கப்படவில்லை.

கடைசியில் 3 ஆயிரம் ரூபாய் கை மாறியது. சிலிக்கானை எடுத்துவிட்டு மறுபடி அடித்துக் கொடுத்தால் மீதி 1,500 என்று பேச்சு. அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கிடையாதாம்! பெயிண்டர் தலையை ஆட்டிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் செய்யாத தப்புக்கு அவர் ஒரு நாள் உழைப்பு அபராதம். சிலிக்கான் போட்டவருக்கு எதுவும் இல்லை. 'நீ அடி' என்று சொன்னவருக்கும் எதுவும் இல்லை.

வீட்டுக்காரர்களே! பெயிண்டர் கூலியில் கை வைக்கும் முன், உங்கள் சுவரில் கை வைத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி அமுங்கினால், கொடுக்க வேண்டியதை முழுசாகக் கொடுத்து அனுப்புங்கள்!